கட்டடக் கலை: ஒரு தொழிலின் சுமையும் சுகமும்

அண்ணா சாலை வழியே ஒரு முறையேனும் சென்றவர்களுள் எல்.ஐ.சி. கட்டடத்தைப் பார்த்திராதவர் எவரும் இரார். பதினான்கு மாடிக் கட்டடம் என்று வெளியூர் மக்கள் வியந்து பேசிய அந்தக் கட்டடம், 1953-ஆம் ஆண்டில் ஒரு தனியார் காப்பீட்டு நிறுவனத்துக்காகத் தொடங்கப்பெற்றது. ஆயுள் காப்பீடு 1956-ல் நாட்டுடைமை ஆக்கப்பட்ட பின்னர், 1959-ல் திறந்து வைக்கப்பெற்றது. 177 அடி உயரமுள்ள அது, அக்காலத்தில் இந்தியாவிலேயே மிக உயர்ந்த கட்டடம் என்று போற்றப்பட்டது. சென்னைக்கு வருவோர் கடற்கரையைப் பார்ப்பது போலவே அதனையும் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்புவர்.

ஆயினும் அதனை வரைந்தவர் யார் என்று கேட்டால், பதில் சொல்பவர் நூற்றில் ஒருவரேனும் இருப்பாரோ என்பது ஐயமே. லண்டனைச் சேர்ந்த பிரௌன், மௌலின் என்னும் இருவர் தொடங்கிய பணியை நிறைவேற்றித் தந்தவர் எல்.எம். சித்தாலே. 1932-லேயே சென்னையில் அலுவலகம் அமைத்துத் தொழில் நடத்திய கட்டடக் கலைஞர் அவர். நூலுக்கு அதன் ஆசிரியர் பெயரைச் சொல்கிறோம். திரைப்படத்துக்கு இயக்குநர் பெயரைச் சொல்கிறோம். கட்டடத்துக்கு மட்டும் உரிமையாளர் பெயரையோ, திறந்து வைத்த அமைச்சர் பெயரையோ சொல்லி நிறுத்திக்கொள்கிறோம்.

இவ்வாறு பெயர் மறைந்து வாழும் தொழிலில் நாம் நாற்பது ஆண்டுகளைக் கழித்திருக்கிறோம். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய மூன்று பகுதிகளும் நமக்குப் பணியிடமாக மட்டுமன்றிப் பள்ளிக்கூடமாகவும் இருந்து வந்துள்ளன. ஆண்டுதோறும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்த கையோடு, நம் சமுதாயத்துப் பெற்றோர் பலர் தம் பிள்ளைகளைப் பற்றி நம்மிடம் விசாரிக்கின்றனர். "ஆர்க்கிடெக்ட் படிப்பு சோறு போடுமா?" என்பதே அவர்கள் கேள்வியின் சாரம். நேர்மையான கேள்வி அது. அதற்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டுமென்னும் எண்ணமே இக்கட்டுரைக்குக் காரணம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கட்டடக் கலைஞரும் கட்டடப் பொறியாளரும் ஒருவரே என்று பலர் எண்ணுகின்றனர். ஒரு வீட்டில் எந்த அறை எங்கே அமைய வேண்டும், ஒளியும் காற்றும் எவ்வழியே நுழைய வேண்டும், மனிதர் அங்கே எப்படி நடமாடுவர் என்பவற்றைச் சிந்தித்து உருவம் கொடுப்பவர் கட்டடக் கலைஞர். அவ்வுருவம் தன் பாரத்தைத் தாங்கிக்கொண்டு காற்றுக்கும் நிலநடுக்கத்துக்கும் அசையாமல் நிற்பதற்குக் கணக்குப் போட்டுத் தருபவர் பொறியாளர்.

இவ்விருவரும் எப்படி இணைந்து செயலாற்ற வேண்டும் என்பதற்கு ஓர் உலகறிந்த சான்று உண்டு. அமெரிக்காவின் சிகாகோ நகரில் 110 மாடிகளுடன் எழுந்து, 1974-ல் நிறைவுபெற்ற சியர்ஸ் கோபுரம், 442 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் உலகின் மிக உயர்ந்த கட்டடமாக நின்றது. அதன் கட்டடக் கலைஞர் புரூஸ் கிரஹாம். அதனை நிற்க வைத்த பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான். 1929-ல் டாக்காவில் பிறந்த அவர், பல குழாய்களை ஒன்றாகக் கட்டிவைத்தாற்போன்ற ஒரு சட்டக முறையை வகுத்து, உயர்ந்த கட்டடங்களுக்குச் செலவாகும் எஃகின் அளவைப் பெரிதும் குறைத்துக் காட்டினார். ஹாஜிகள் வந்திறங்கும் ஜித்தா விமான நிலையத்தின் கூடார வடிவக் கூரையிலும் அவருடைய உழைப்பு கலந்திருக்கிறது. கிரஹாமின்றிக் கான் இல்லை. கானின்றிக் கிரஹாமும் இல்லை. யார் பெரியவர் என்று அவர்கள் சண்டையிட்டிருப்பின் அக்கோபுரம் எழுந்திராது.

நம் மண்ணில் இவ்விரு பணிகளையும் ஒருவரே செய்த மரபும் உண்டு. கோயில்களுக்கு ஸ்தபதிகள் இருந்தனர். தியாகராய நகருக்கு அருகே, 1976-ல் திறக்கப்பெற்ற வள்ளுவர் கோட்டத்தை வடிவமைத்தவர் கணபதி ஸ்தபதி. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் உள்ள பழைய கல்லுப் பள்ளிகளைக் கட்டியவர்களும் இந்நாட்டுக் கல்தச்சர்களே. கல்தூண்களும் போதிகைகளும் கல் பாவிய கூரையும் கொண்ட கீழக்கரையின் பழைய ஜும்ஆப் பள்ளியைக் காண்பவர், தொழுகையின் அமைதியும் தமிழ்நாட்டு உளியின் நுட்பமும் ஒன்றோடொன்று எத்துணை இயல்பாகப் பொருந்தியுள்ளன என்பதை உணர்வர். அவற்றைக் கட்டியவர்கள் பல்கலைக்கழகத்தில் பயின்றவர்கள் அல்லர். தந்தையிடமும் மாமனிடமும் பயின்றவர்கள்.

இன்றோ இத்தொழிலுக்கு ஐந்தாண்டுப் பட்டப் படிப்பு வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1957-ல் கட்டடக் கலைக்கெனத் துறை ஏற்பட்டது. 1978-ல் அண்ணா பல்கலைக்கழகம் உருவானபோது அது அப்பல்கலைக்கழகத்தின் அங்கமாயிற்று. 1972-ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர் சட்டத்தின்படி, கட்டடக்கலைக் குழுமத்தில் பதிவு செய்துகொண்டவரே தம்மை ஆர்க்கிடெக்ட் என்று அழைத்துக்கொள்ளலாம். 2006 முதல் 'நாட்டா' என்னும் நுழைவுத் தேர்வும் நடைபெற்று வருகிறது. வண்டலூரில் 1984-ல் கிரசென்ட் பொறியியல் கல்லூரியாகத் தோன்றிய நிறுவனத்திலும் இன்று இப்படிப்பு உண்டு. அதனை நிறுவிய கீழக்கரை பி.எஸ். அப்துர் ரஹ்மான் அவர்களின் கட்டுமான நிறுவனமே, 1973-ல் திறக்கப்பெற்ற ஜெமினி மேம்பாலத்தைக் கட்டியது என்பதை இளைய தலைமுறை அறிந்திருத்தல் நலம்.

நாம் இப்படிப்பில் சேர விரும்பியபோது, கச்சேரி சாலையில் சிறிய இரும்புச் சாமான் கடை நடத்திக்கொண்டிருந்த நம் வாப்பா, "கொத்தனார் வேலைக்கு ஐந்து வருஷப் படிப்பா?" என்று கேட்டார்கள். அவர்கள் கடைக்குக் கீலும் தாழ்ப்பாளும் வாங்க வருகிற மேஸ்திரிகள், வரைபடம் ஏதுமின்றியே வீடுகளைக் கட்டி முடித்துக்கொண்டிருந்தனர். ஆகவே அக்கேள்வி பொருளற்றது அன்று. உம்மாவோ வேறு வகையாகச் சிந்தித்தார்கள். "இந்த வீட்டு அடுப்படியில் நான் இருபது வருஷமாகப் புகையில் நிற்கிறேன். கட்டினவனுக்கு ஒரு ஜன்னல் வைக்கத் தோன்றவில்லை. இவன் படித்தாலாவது அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு ஒரு ஜன்னல் கிடைக்கட்டும்" என்றார்கள். உம்மாவின் சொல்லே வென்றது. இத்தொழிலின் நோக்கத்தை இதனினும் சுருக்கமாகச் சொன்ன ஒருவரை நாம் பின்னர் எந்த வகுப்பறையிலும் சந்திக்கவில்லை.

கிண்டி வளாகத்தில் கழிந்த அந்த ஐந்தாண்டுகளும் உறக்கத்துக்குப் பகையான ஆண்டுகள். வரைபலகை, டி-ஸ்கொயர், டிரேசிங் தாள் ஆகியவற்றோடு இரவு பகலாய் உழைத்து வரைந்த ஒன்றை, ஆசிரியர் குழுவினர் பத்து நிமிடத்தில் தவிடுபொடியாக்குவர். இன்றைய மாணவர் கணிப்பொறியில் வரைகின்றனர். கருவிதான் மாறியிருக்கிறது, உறக்கமின்மை மாறவில்லை. பிள்ளைக்கு ஓவியம் வருகிறது என்னும் ஒரே காரணத்துக்காக இப்படிப்பில் சேர்ப்பது சரியன்று. பிறர் குறை கூறும்போது மனம் உடையாமல் மறுபடியும் முதற்கோட்டிலிருந்து தொடங்கும் பொறுமை இருக்கிறதா என்பதையே பெற்றோர் பார்க்க வேண்டும்.

படிப்பு முடிந்தவுடன் வாழ்வு மலர்ந்துவிடும் என்று எண்ணுவதும் தவறு. தேர்ந்த ஒருவரின் அலுவலகத்தில் குறைந்த ஊதியத்துக்குச் சில ஆண்டுகள் பணிபுரிந்தே தொழிலைக் கற்க வேண்டியிருக்கிறது. உடன் பயின்ற பொறியாளன் வீடு வாங்கிவிட்டான் என்னும் செய்தி வரும் நாளில், நாம் எவருடைய வீட்டுக்கோ கழிவுநீர்க் குழாயின் சரிவைக் கணக்கிட்டுக்கொண்டிருப்போம். நாற்பது வயதில்தான் ஒரு கட்டடக் கலைஞனுக்கு இளமை தொடங்குகிறது என்று எங்கள் தொழிலில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இலங்கையின் ஜெஃப்ரி பாவா முதலில் வழக்கறிஞராக இருந்து, பின்னர் இத்துறைக்கு வந்து, 1957-ல் தம் முப்பத்தெட்டாம் வயதில்தான் கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றார். மதுரையிலும் சென்னையிலும் பணியாற்றியவர் அவர். 1982-ல் கோட்டையில் திறக்கப்பெற்ற இலங்கை நாடாளுமன்றக் கட்டடம் அவர் வடிவமைத்ததே. காலந்தாழ்ந்து வருவோர்க்கும் இங்கே இடமுண்டு, அவசரப்படுவோர்க்குத்தான் இடமில்லை.

நம் முதற்பாடத்தைக் கற்பித்தவர் பட்டம் பெற்றவர் அல்லர். தியாகராய நகரில் ஒரு வீட்டுப் பணியின்போது மூத்த மேஸ்திரி ஒருவர் நம் வரைபடத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "சார், நீங்கள் காகிதத்தில் போடுகிற ஒரு கோடு, இங்கே ஒன்பது அங்குலச் சுவர். அதைத் தூக்க ஒரு சித்தாள் நாள் முழுவதும் செங்கல் சுமக்க வேண்டும். வேண்டாத கோடு போடாதீர்கள்" என்றார். அன்று முதல் இன்று வரை, பென்சிலை எடுக்கும் போதெல்லாம் அச்சொல் நம் காதில் ஒலிக்கிறது.

மயிலாப்பூரின் பழைய வீடுகள் நமக்கு இரண்டாம் பல்கலைக்கழகமாயின. திண்ணை, நடை, முற்றம், தாழ்வாரம் என்று தெருவிலிருந்து பின்கட்டு வரை காற்று தடையின்றிச் செல்லும் அமைப்பு அவற்றினுடையது. மெட்ராஸ் டெரஸ் என்று பெயர் பெற்ற கூரை அங்கே எங்கும் உண்டு. நெருக்கமாக அடுக்கிய மரச் சட்டங்களின் மேல், மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் செங்குத்தாக நிறுத்தி, அதன் மீது செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளத்தைப் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, மரக்கட்டைகளால் பல நாள் தட்டித் தட்டி இறுக்குவர். பிறகு தட்டோடு பதிப்பர். சித்திரை வெயிலிலும் அக்கூரையின் கீழே ஒருவர் உறங்க முடியும். இன்றைய ஐந்தங்குலக் கான்கிரீட் தளத்தின் கீழ் மின்விசிறியும் வெப்பத்தையே வாரி இறைக்கிறது.

இந்த அறிவு மறைந்துவிட்டதோ என்றால், முற்றிலும் மறையவில்லை. ஆர்க்காட்டு நவாபுக்காக 1768-ல் எழுந்த சேப்பாக்கம் அரண்மனையின் ஒரு பகுதி 2012-ல் தீக்கிரையானபோது, அதனை இடித்துவிடாமல் சுண்ணாம்புச் சாந்து முதலிய பழைய முறைகளைக் கொண்டே பொதுப்பணித் துறையினர் சீரமைத்தனர். அதே நவாபின் குடும்பத்தார் 1795-ல் திருவல்லிக்கேணியில் எழுப்பிய வாலாஜா பள்ளிவாசல் சாம்பல் நிறக் கருங்கல்லாலானது. மரமோ இரும்போ சேர்க்காமல் கட்டியது என்பர். அதன் முற்றத்தில் நடுப்பகலில் நின்றாலும் ஒரு தண்மையை உணரலாம்.

தியாகராய நகர் கற்பித்த பாடம் வேறு. 1920-களில் நெட்டேரி என்று வழங்கிய நீண்ட ஏரியை வடித்து உருவாக்கிய குடியிருப்பு அது. நீதிக் கட்சிக் காலத்துப் பெருமக்களின் பெயர்களை அதன் தெருக்கள் தாங்கி நிற்கின்றன. 1934-ல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராக விளங்கிய சர் முகம்மது உஸ்மான் அவர்களின் பெயரை உஸ்மான் சாலையும், சர் முகம்மது ஹபீபுல்லாஹ் அவர்களின் பெயரை ஹபீபுல்லா சாலையும் இன்றும் நினைவூட்டுகின்றன. ஏரி போய்விட்டது. ஆனால் மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடும், நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்டு ரோடும் எஞ்சியிருக்கின்றன. நீர் தன் பழைய முகவரியை மறப்பதில்லை. இப்பகுதியில் மனை வாங்குவோர் கிழக்கு வாசலா, தெற்கு வாசலா என்று ஆராய்வதற்கு முன், மழைநீர் எந்தப் பக்கம் ஓடும் என்று ஆராய்வது நன்று.

2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாற்று வெள்ளம் இந்த உண்மையை எல்லோர்க்கும் உணர்த்திவிட்டது. கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வீடுகள் மூழ்கின. நாம் வரைந்த வீடுகளைத் தேடி அவ்வாரம் முழுவதும் அலைந்தோம். அடையாற்றில் ஒரு வீட்டின் தரைமட்டத்தைச் சாலையினின்று மூன்றரை அடி உயர்த்த வேண்டுமென்று நாம் பல ஆண்டுகளுக்கு முன் வற்புறுத்தியபோது, "வயதானவர்கள் எத்தனை படி ஏறுவது?" என்று வீட்டுக்காரர் மறுத்தார். பின்னர் சரிவுப் பாதை ஒன்று அமைத்துத் தந்து அவரை இணங்கச் செய்தோம். வெள்ளம் அவர் வீட்டு வாசற்படியின் விளிம்பு வரை வந்து நின்றது. தெருவிலிருந்த நான்கு குடும்பங்கள் இரண்டு நாட்கள் அவ்வீட்டில் தங்கியிருந்தன. அவர் நமக்கு நன்றி ஏதும் சொல்லவில்லை. தம் தம்பியின் வீட்டுப் பணிக்கு நம்மிடம் அனுப்பி வைத்தார். எங்கள் தொழிலில் நன்றி இந்த உருவில்தான் வரும்.

இனிச் சுமைகளைச் சொல்வோம். முதலாவது ஊதியம். பெரும்பாலோர் மனையின் விலைக்கும் கம்பிக்கும் சிமெண்டுக்கும் பேரம் பேசி முடித்த பின்னர், மீதியுள்ளதை எங்களுக்குத் தர நினைக்கின்றனர். "நான்கு கோடுதானே!" என்பர். மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் கூட்டு ஒப்பந்த முறை வந்த பிறகு நிலைமை இன்னும் மாறியது. வீட்டுக்காரர் மனையைக் கொடுக்க, கட்டட முதலாளி அடுக்ககம் கட்டி, இருவரும் தளங்களைப் பங்கிட்டுக்கொள்கின்றனர். அங்கே கட்டடக் கலைஞர் இருவருக்கும் பொதுவான ஒரு செலவினமாகிவிடுகிறார். 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த விதிகள் தளப்பரப்புக் குறியீட்டை 1.5-லிருந்து 2-ஆக உயர்த்தியது முதல், ஒவ்வொரு சதுர அடியையும் பிழிந்தெடுப்பதே திறமை என்று கருதப்படுகிறது. முற்றம் விற்பனைக்கு உதவாத இடம் என்பது அவர்கள் கணக்கு.

சட்டமும் எங்களுக்கு முழுக் காவலாக இல்லை. 1972-ஆம் ஆண்டின் சட்டம் ஆர்க்கிடெக்ட் என்னும் பட்டப் பெயரைத்தான் காக்கிறதே அன்றி, அத்தொழிலைச் செய்வதினின்று பிறரைத் தடுக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2024 முதல், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் சிறு வீடுகளுக்கு உரிமையாளரே சுயசான்று அளித்து இணைய வழியில் அனுமதி பெறலாம். அலைச்சல் குறைந்தது நல்லதே. ஆனால் சான்று தருபவர் பொறுப்பையும் ஏற்கிறார் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அனுமதி எளிதாயிற்று, வீடு கட்டுதல் எளிதாகிவிடவில்லை.

இரண்டாவது சுமை, கையெழுத்து. இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2006-ஆம் ஆண்டு வாக்கில் ஒரு கட்டட முதலாளி நம் அலுவலகத்துக்கு வந்தார். அடையாறு பகுதியில் ஓர் அடுக்ககம் கட்டி முடித்திருந்தார். அதனை வரைந்தவர் வேறொருவர். மேற்பார்வை செய்தவர் எவருமில்லை. அனுமதி பெற்ற வரைபடத்துக்கு மேல் ஒரு தளம் கூடுதலாக எழுந்திருந்தது. தூண்கள் அந்தத் தளத்தைக் கணக்கிட்டு அமைத்தவை அல்ல. நாமே மேற்பார்வை செய்ததாக ஒரு கையெழுத்து வேண்டும் என்றார். அதற்கு ஈடாக, அடுத்து வரும் இரண்டு பெரிய கட்டடங்களை நம்மிடம் ஒப்படைப்பதாகவும் சொன்னார்.

அலுவலக வாடகை நிலுவையில் இருந்த காலம் அது. மூத்த மகளின் கல்லூரிக் கட்டணமும் எதிரே நின்றது. அன்றிரவு வீட்டில் அதைப் பேசினோம். இல்லத்தரசியார் ஒன்றே கேட்டார்கள்: "அந்த வீட்டில் குடிவரப் போகிறவர்களுக்கு உங்கள் கையெழுத்து என்ன சொல்லும்?" பயப்படாமல் பிள்ளைகளைத் தூங்க வையுங்கள் என்றுதான் சொல்லும். அந்தச் சொல் பொய் என்று தெரிந்த பின் எப்படிக் கையெழுத்திடுவது? மறுநாள் மறுத்துவிட்டோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்தார். "நீங்கள் இல்லாவிட்டால் இன்னொருவர்" என்று சொல்லிச் சென்றார். அவர் வழியாக வரவிருந்த பணிகள் வரவில்லை. ஓராண்டுக்கு மேல் நெருக்கடியில் கழிந்தது. அமானிதம் என்னும் சொல்லை மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். அதன் எடை இவ்வளவு என்பது அந்த ஓராண்டில்தான் தெரிந்தது.

2014 ஜூன் 28 அன்று போரூரை அடுத்த மவுலிவாக்கத்தில், கட்டப்பட்டுக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் மழை பெய்துகொண்டிருந்த மாலையில் சரிந்து விழுந்தது. 61 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பிழைப்புக்காக வெளியூர்களிலிருந்து வந்த தொழிலாளர்கள். அருகில் நின்ற இரண்டாவது கட்டடத்தை 2016 நவம்பர் 2-ஆம் நாள் வெடி வைத்துத் தகர்த்தனர். சில நொடிகளில் அது மண்ணாயிற்று. அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் கண்டபோது நாங்கள் ஒன்றும் பேசவில்லை. 2017 மே மாத இறுதியில் தியாகராய நகரில் ஒரு பெரிய துணிக்கடை தீப்பற்றி எரிந்து, பின்னர் இடிக்கப்பட்டதையும் சென்னை மக்கள் மறந்திரார். தீயணைப்பு வண்டி சுற்றி வருவதற்கு விட வேண்டிய இடம், வரைபடத்தில் வீணாகக் கிடப்பது போலத் தோன்றும். அதன் விலை தீப்பற்றிய நாளில்தான் தெரியும்.

மூன்றாவது சுமை நம் மக்களிடமிருந்தே வருவது. வளைகுடா நாடுகளில் உழைத்துத் திரும்பும் சகோதரர்கள் அங்கே கண்ட மாளிகைகளின் படங்களைக் கொண்டு வந்து, அதைப் போலவே வேண்டும் என்கின்றனர். பள்ளிவாசல்களிலும் இதே நிலை. தென்சென்னையில் ஒரு ஜமாஅத்தார் பள்ளியை விரிவுபடுத்த நம்மை அழைத்தனர். பெரிய கும்மட்டமும் இரண்டு உயர்ந்த மினாராக்களும் அவர்கள் விருப்பம். நாம் ஒன்றை எடுத்துரைத்தோம். சென்னையிலிருந்து கிப்லாத் திசை, மேற்கிலிருந்து ஏறக்குறைய 18 பாகை வடக்கே சாய்ந்தது. ஆகவே மிஹ்ராப் அமையும் சுவர், பிற்பகல் வெயில் முழுவதையும் வாங்கும் சுவராகும். அஸர் தொழுகைக்கு முதல் வரிசையில் நிற்கும் முதியவர்கள் அடுப்பின் எதிரே நிற்பது போல் நிற்கின்றனர். அச்சுவரை இடைவெளியுடன் கூடிய இரட்டைச் சுவராக அமைத்து, தென்கிழக்கிலிருந்து வரும் கடற்காற்று நுழையும்படி தெற்கிலும் கிழக்கிலும் பெரிய சாளரங்களை வைத்து, சூடான காற்று வெளியேற உச்சியில் வழி செய்தால், மின்சாரச் செலவின்றியே உள்ளே தண்மை நிலவும் என்றோம்.

விவாதம் மூன்று அமர்வுகள் நடந்தது. முடிவில் மினாரா ஒன்றாயிற்று, கும்மட்டம் சிறிதாயிற்று, மிச்சப்பட்ட பணத்தில் இரட்டைச் சுவர் எழுந்தது. எகிப்து நாட்டுக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபத்ஹியின் வரலாறு நமக்கு அப்போது துணையாயிருந்தது. 1940-களில் லக்சர் நகருக்கு அருகே புதிய குர்னா என்னும் சிற்றூரை, நூபியக் கொத்தர்களிடம் கற்ற வளைகூரை முறையில் பச்சை மண் கற்களாலேயே எழுப்பியவர் அவர். உலகம் அவரைக் கொண்டாடியது. 1980-ல் ஆகா கான் விருதுக் குழு அவரைச் சிறப்பித்தது. ஆனால் அவ்வூருக்குக் குடிபெயர வேண்டிய மக்களிற் பலர் பழைய இடத்தை விட்டுவர மறுத்துவிட்டனர். எத்துணைச் சிறந்த வடிவமானாலும், வாழப் போகிறவர் மனம் இசையாவிட்டால் அது வெறுங்கூடுதான். ஜமாஅத்தார் கேட்ட மினாராவை நாம் முழுதும் மறுக்காததற்கு அதுவே காரணம்.

பெண் மக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டில் அதிக நேரம் வாழ்பவர்கள் அவர்கள். வீட்டை வரைபவர்களாக மட்டும் நெடுங்காலம் அவர்கள் இல்லை. சென்னையில் 1979-லேயே ஷீலா ஸ்ரீ பிரகாஷ் என்னும் பெண்மணி சொந்தமாகக் கட்டடக்கலை நிறுவனம் தொடங்கினார். பாக்தாதில் பிறந்த ஸஹா ஹதீத், இத்துறையின் மிக உயர்ந்த பரிசாகிய பிரிட்ஸ்கர் பரிசை 2004-ல் பெற்ற முதற்பெண்ணானார். நம் அலுவலகத்தில் இப்போது பணிபுரியும் இளைஞர்களுள் பெண்களே மிகுதி. கட்டட வேலை நடக்குமிடத்துக்கு மகளை எப்படி அனுப்புவது என்று கேட்கும் தந்தையர்க்கு நாம் சொல்வது, ஒரு நாள் உடன் வந்து பாருங்கள் என்பதே. தலையில் முக்காடிட்ட ஒரு பெண், மட்டப்பலகையை வைத்துச் சுவரின் நேர்மையைச் சோதிக்கும்போது, ஐம்பது வயது மேஸ்திரி கைகட்டி நின்று விடை சொல்வதை அவர்கள் காண்பார்கள்.

சுகங்கள் என்னவென்று கேட்கலாம். அவை சிறியவை. தியாகராய நகரில் ஒரு கிரவுண்டு மனையில் கட்டிய வீட்டில், அக்குடும்பத்து மூதாட்டி நம்மிடம் இரண்டே இரண்டு கேட்டார்கள்: "தம்பி, படி இறங்காமல் ஒளூ செய்ய ஓர் இடம் வேண்டும். தெருவை நான் பார்க்க வேண்டும். தெரு என்னைப் பார்க்கக் கூடாது." உட்கார்ந்தபடியே ஒளூ செய்யத் திண்டு ஒன்றும், சரிந்த மரச்சட்டங்கள் பொருத்திய சாளரம் ஒன்றும் அமைத்தோம். பல ஆண்டுகள் கழித்து அவ்வழியே சென்றபோது, அந்தச் சட்டங்களுக்குப் பின்னே ஒரு வெள்ளைத் துணியின் அசைவைக் கண்டோம். அவர்கள் நம்மைக் கண்டார்களா என்பது தெரியாது. பார்க்க முடியாதபடிதானே அமைத்திருந்தோம்! அன்று வீட்டுக்கு நடந்தே சென்றோம்.

சென்னையில் மே முதல் ஜூலை வரை நடுப்பகற் சூரியன் சற்று வடக்கே சாய்ந்திருக்கும். மார்கழியில் தெற்கே நன்றாகத் தாழ்ந்து வரும். இதை அறிந்து வைத்த ஒரு சன்னல் மறைப்பு, கோடையில் வெயிலைத் தடுத்துக் குளிர்காலத்தில் உள்ளே விடும். அவ்வீட்டில் வாழ்வோர் அதன் காரணத்தை அறியாமலே சுகமாக உறங்குவர். தாம் செய்த உதவி பிறர்க்குத் தெரியாமலே பயன் தருவதில் மனநிறைவு அடையக்கூடியவர்க்கு இத்தொழில் ஏற்றது. கைதட்டலை விரும்புவோர்க்கு வேறு துறைகள் இருக்கின்றன.

ஆகவே பெற்றோர்களே, சோறு போடுமா என்னும் கேள்விக்கு எம் விடை இது: போடும், ஆனால் தாமதமாகப் போடும். படிப்புக்கு ஐந்தாண்டுகள், அதன் மேல் காலூன்ற மேலும் ஐந்தாண்டுகள் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பத்தாண்டுகளில் பிள்ளையை அயல்வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதிருக்க உங்களால் முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். முடியுமென்றால், கல்லூரிக் கட்டணம் செலுத்துவதற்கு முன், எங்கேனும் தளத்துக்குக் கான்கிரீட் போடும் நாளில் உங்கள் மகனையோ மகளையோ அழைத்துச் செல்லுங்கள். விடியற்காலையில் தொடங்கி, சித்தாள்கள் வரிசையாக நின்று சட்டி மாற்றி, கம்பி கட்டியவர் கடைசி முறையாகக் குனிந்து பார்த்து, அந்தி சாயும் வரை அவ்வேலை நடக்கும். நண்பகலுக்குள் வீட்டுக்குப் போகலாம் என்று பிள்ளை சொன்னால் அழைத்து வந்துவிடுங்கள். மாலை வரை நின்று, அந்தத் தளத்துக்கு மறுநாள் தண்ணீர் ஊற்றப் போவது யார் என்று கேட்டால், துணிந்து சேர்த்துவிடுங்கள்.